செம்பையை நேரிற் கேட்ட இரவு



1973இல், சிறுவனாக, பாலக்காட்டுக் கிராமக் கோயிலொன்றில் செம்பை வைத்தியநாத பாகவதரைக் கண்டேன். 1896இல் பிறந்த அப்பெரியார்க்கு அப்போது எழுபத்தைந்துக்கு மேல். முன்னொரு கச்சேரியின் நடுவே அவர் குரல் அடைபட்டதையும், குருவாயூரப்பனை வேண்டி மீண்டும் பாடியதையும் தந்தையார் வழியிற் சொல்லியிருந்தார். ஆகவே, இன்றும் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சியே அமர்ந்திருந்தேன். இடையில் ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. பாகவதர் அதைத் திரும்பியும் பாரார்! அந்த வெண்கலக் குரல் கடைசித் திண்ணைவரை எட்டிற்று. மிருதங்கக்காரரை அவர் உரக்கப் பாராட்டியது இன்னும் என் காதில் நிற்கிறது.

1974 அக்டோபர் 16 அன்று, ஒற்றப்பாலத்துப் பூழிக்குன்னு கண்ணன் கோயிலிற் பாடி முடித்த சற்றைக்கெல்லாம் அவர் மறைந்தார். செய்தி வந்த நாளில் தந்தையார் உணவு கொள்ளவில்லை.