மனோன்மணீயம்: முதல் வாசிப்பில் என் உள்ளத்திற் பட்டவை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் புதுவையில் விழாத் தொடக்கத்திற் பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்து நம்மூர்ப் பாவேந்தர் பாரதிதாசனார் இயற்றியது. வடக்கே கோட்டக்குப்பத்தில் அடிவைத்த அளவிலே வேறொரு வாழ்த்து ஒலிக்கும். அது, பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் 1891-இல் வெளியிட்ட மனோன்மணீய நாடகத்தின் பாயிரத்திலுள்ளது; அதன் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1970-இல் ஏற்றுக்கொண்டது. வாழ்த்தை அறிந்தார் பலர். நாடகத்தைத் திறந்தார் சிலரே. ஆதலின், புலவர் வகுப்பிற் பயின்ற நாளில் அந்நூலை முதன்முதல் வாசித்தபோது என் உள்ளத்திற் பட்டவற்றைத் தங்கள் முன் வைக்கின்றேன்.

கதை, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி'யைத் தழுவியது. பாண்டியன் சீவகன், அமைச்சன் குடிலன் சொற்கேட்டு மதுரையை விடுத்துத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டுகின்றான். வருந்தீங்கை உணர்ந்த குலகுரு சுந்தர முனிவர், அரண்மனையினின்று தம் இருப்பிடத்திற்கு மறைவாக ஒரு சுரங்கம் அமைக்கின்றார். நாஞ்சில் நாட்டின் பொருட்டுச் சேரன் புருடோத்தமனோடு போர் மூள்கின்றது. ஐந்து அங்கமும் செய்யுளே.

குடிலனை வாசிக்குந்தோறும் எனக்கு அச்சமே உண்டாயிற்று. அரசன் கேட்க விரும்புவதை அவன் வாய் திறக்குமுன்னரே சொல்லிவிடுகின்றான்! நடராசன் தனித்து நின்று, ஒரு சிறு புல்லையும் மண்ணை உழும் நாங்கூழ்ப் புழுவையும் வியந்து பேசுமிடம் வேறு வகையில் இன்பந் தந்தது. டார்வின் மண்புழுவைப் பற்றி நூலெழுதியது 1881-இல். பத்தாண்டுக்குள் அப்புழு தமிழ்ச் செய்யுளில் ஏறியிருப்பது சிறிய செய்தியன்று.

எனினும், பல நாள் என்னை விடாது தொடர்ந்தது வாணியின் செய்தியே. மனோன்மணியின் தோழியாகிய அவள் நடராசனை நேசிக்கின்றாள். தந்தை சகடரோ, குடிலன் மகன் பலதேவனுக்கே கொடுப்பதென்று நிற்கின்றார். அரசனிடம் சென்று முறையிடுகின்றார். அரசனும் அவர் பக்கமே சாய்கின்றான். சகடரைத் தீயவரென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பதவியும் பொருளும் உள்ள இடத்தில் மகள் வாழட்டும் என்றெண்ணும் தந்தையர் நம் வீதிகளிலும் உளரல்லரோ?

பின்னர், போரில் தளர்ந்த சீவகன் தன் மகளையே பலதேவனுக்கு மணம் பேசுகின்றான். கனவிற் கண்ட சேரனிடத்து உள்ளத்தை வைத்த மனோன்மணி, தந்தையின் பொருட்டு இசைகின்றாள். இசையும் அவ்வேளையிலும், வாணியை நடராசனுக்கே கொடுக்க வேண்டுமென்று வரம் கேட்கின்றாள். அவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டேன். இறுதியில் குடிலன் வஞ்சம் வெளிப்பட, சுரங்கவழியே வந்த புருடோத்தமனுக்கே அவள் மாலையிடுகின்றாள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

இதனை ஈண்டு விரித்தமைக்குக் காரணமுண்டு. நம் சங்கத்தார் வரன் வேண்டுவோர்க்கெனப் பதிவேடு வைத்துள்ளனர், நற்பணியே. அதில் நட்சத்திரம், படிப்பு, வருவாய் யாவற்றுக்கும் கட்டங்கள் உள. 'பெண்ணின் சம்மதம்' என்றொரு கட்டம் இல்லை. அதனைச் சேர்க்குமாறு செயற்குழுவினரை இவ்வவையிலேயே வேண்டுகின்றேன். "பெண்ணைக் கேட்டா பெண் கொடுப்பது?" என்று பெரியவர் ஒருவர் முன்னரே என்னை வினவினார். சகடர் பேசும் பகுதியை ஒருமுறை வாசித்தருளுமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன்.

நடை கடினமென்று அஞ்சுவோர்க்காக, அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை இம்மண்டபத்திலேயே முதல் அங்கத்தை உரையுடன் வாசிக்க எண்ணியுள்ளேன். பெண்மக்களும் தவறாது வருக.