சட்டமும் சாட்சியும்



இனத்துவேஷத்தை அரசு சட்டத்தால் ஒழிக்க வேண்டுமென நாம் கோருகின்றோம். நியாயமே. அந்நோக்கில் 1965இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சமவாயம் இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சத்தையும் சேர்த்துக் கூறுகின்றது. சாதியும் அதில் அடங்கும்.

நமது நாட்டில் 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதி காரணமாக ஒருவரைக் கோயிலிலோ தேநீர்க் கடையிலோ தடுப்பது குற்றமாயிற்று. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடியார்கள் தடுக்கப்பட்டனர். 1971இல் தண்டனை கூட்டப்பட்டது.

சட்டம் தானாக நடவாது. முறையிடவும் சாட்சி சொல்லவும் ஆள் வேண்டும். நம் கண்முன் ஒருவர் தடுக்கப்பட்டால், தடுப்பவர் நம் உறவினரே ஆயினும், நீதிமன்றத்தில் உண்மை சொல்லத் துணிவோமாக.