நமக்கும் ஒரு ரேடியோ



சென்னையில் 1938-ல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. பிறகு தனியார் எப்.எம்.களும் வந்தன. சமைக்கிறப்போ பாட்டு கேட்கிறோம், சந்தோஷம்தான். ஆனா, மாநகரம் முழுக்கப் பேசுற நிலையத்துல நம்ம தெருக் குழாய்க்கு எங்கே நேரம்?

அதற்குத்தான் சமுதாய வானொலி. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் அண்ணா எப்.எம். தொடங்கியது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. 2006-லிருந்து, மூன்று ஆண்டாவது சமூகப் பணி செய்த தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்கலாம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராகணும். அரசியல் பேசக்கூடாது, குடிநீர், தடுப்பூசி, படிப்பு, தொழில் பற்றிப் பேசலாம்.

கேட்டது போதும், நாமும் பேசுவோம். மைக் கிடைச்சா என்ன சொல்வீங்க? அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் சொல்லுங்க, தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.