ஈயக்குட்டை ஓரத்தில் ஒரு மாநாட்டு மேசை



மாதிரி ஐநா மன்றம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பேராளராக உட்கார்ந்து வாதாடுவார்கள். அங்கே ‘நான்’ என்று பேச முடியாது. பிடிக்காத நாடு கிடைத்தாலும் அதன் வாயாகத்தான் பேச வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் புதிதில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னால் கதை முடிந்தது. இங்கே, சற்றுமுன் மடக்கிப் பேசியவரிடமே போய் ஆதரவு கேட்க வேண்டும். நாக்கு நீளமானவர்கள் திணறும் இடம் அதுதான்.

மலேசியாவின் காம்பாரில் நடத்தினால் என்ன தலைப்பு கொடுக்கலாம்? பருவநிலை மாற்றம் என்பார்கள். நான் ஈயத்தைக் கொடுப்பேன். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிக் கிடக்கும் குளங்களெல்லாம் பழைய ஈயக்குட்டைகள்தானே!

லண்டனில் அனைத்துலக ஈய மன்றம் என்று ஒன்று இருந்தது. ஈயம் எடுக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து விலைக்குத் தரையும் கூரையும் போட்டன. விலை இறங்கினால் மன்றமே வாங்கிச் சேர்த்து வைக்கும், ஏறினால் விற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுப்பினராகாத பிரேசில் ஈயத்தைக் கொட்டியது. பான டப்பாக்கள் அலுமினியத்துக்கு மாறின. மன்றம் கடன் வாங்கி வாங்கி, 1985 அக்டோபர் 24ஆம் தேதி கையை விரித்தது. விலை சரிந்தது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த, காம்பார் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மாணவர்கள் அந்த மன்றத்தை நடத்திப் பார்த்தால், அந்த மேசையில் மலேசியாவுக்காகப் பேசுவதும் லேசில்லை. 1981, 82இல் நம் அரசே ரகசியமாக ஈயம் வாங்கி விலையை ஏற்றப் பார்த்தது. அன்றைய பிரதமர் மகாதீர் 1986இல் அதை ஒப்புக்கொண்டார். எதிரே இருப்பவர் அதைக் கிளறினால் நம் பேராளர் என்ன சொல்வார்?

கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, பிரேசில் என்று அட்டை வைப்பேன். உள்ளே வாருங்கள் என்று மற்றவர்கள் அதைக் கெஞ்ச வேண்டும். அந்த நாற்காலியில், தாத்தா ஈயச் சுரங்கத்தில் உழைத்த காம்பார்ப் பிள்ளை ஒன்றை உட்கார வைப்பேன்.