உடல் ஓர் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



நம் உடல் யாருக்குச் சொந்தம்? இது மருத்துவர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஈரோட்டுக்கு அக்கரையில் உள்ள பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் அணுகிச் சிறுநீரகத்தை விற்க வைத்ததாக 2025 ஜூலையில் புகார் எழுந்தது. அரசு விசாரணையும் நடந்தது. விசைத்தறிக் கூடத்திற்கும் நம் பனியன் கம்பெனிகளுக்கும் வெகுதூரம் இல்லை. கடன் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

உடலை மனிதனின் உடைமை என்று கொண்டால், உடைமையை விற்பதில் என்ன தவறு என்ற வாதம் தானாகவே வந்துவிடும். இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று கொண்டால், அதற்கு விலை பேசும் உரிமை நமக்கு இல்லை. அப்படியானால், ஓர் உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கலாமா? 1988இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உறுப்பு தானத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்தது, விற்பனையைத் தடுத்தது. தானத்தையே ஏற்காத ஆலிம்களும் உண்டு. ஆனால் விற்பனை கூடாது என்பதில் இவ்விரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் தானத்தை முறைப்படுத்தி, விற்பனையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

2008இல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்தபோது தமிழகமே நெகிழ்ந்தது. அவற்றுக்கு விலை பேசப்பட்டிருந்தால் அந்த நெகிழ்ச்சி ஏது?

விற்றவர்களாவது வாழ்ந்தார்களா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். அப்படி விற்றவர்களில் 74 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானமோ சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உறுப்பும் போயிற்று, கடனும் தீரவில்லை.

சகோதரர்களே! விற்பது ஹராம் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது, அமானிதத்தைக் காக்கும் பொறுப்பு அந்தத் தொழிலாளி ஒருவருக்கு மட்டும்தானா? ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர். நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்குத் தனி நிதி ஒதுக்குவோம். மஹல்லாவில் கடனில் மூழ்கியவர் நம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், நாமே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். தரகர் தட்டுவதற்கு முன் நாம் தட்ட வேண்டும்.

வஸ்ஸலாம்.