பக்கத்து அறைக்கும் சான்று வேண்டும்



எண்ணெய் சுமந்த தொட்டியில் எப்போது வெல்டிங், வெட்டுதல் போன்ற நெருப்பு வேலை செய்யலாம், செய்யலாம் என்று யார் சொல்ல வேண்டும், அந்தச் சொல் எத்தனை நேரம் செல்லும்? இந்த மூன்று கேள்விகளுக்காகவே இன்று இந்த அவை கூடியிருக்கிறது. கப்பலைப் பற்றிய கேள்விகள் இவை. ஆனால் இவற்றைக் கேட்கத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டாலைகளும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருக்கின்றன. தெற்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. முனையம். அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளமும். 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ கப்பல் பழுது பார்க்க வந்து நின்றது இந்தக் காட்டுப்பள்ளியில்தான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியத் தளத்தில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை.

இதே கரைக்கு வேறொரு நினைவும் உண்டு. 2017 ஜனவரி 28 விடியலுக்கு முன், எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ கப்பலும் பெட்ரோலியப் பொருள்களை ஏற்றி வந்த ‘டான் காஞ்சிபுரம்’ கப்பலும் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. எண்ணூர் முதல் மெரினா வரை கரை கறுத்தது. வாளிகளால் எண்ணெயை அள்ளிய மாணவர்களையும் மீனவர்களையும் எல்லோரும் பார்த்தார்கள். மோதிய கப்பலின் கிழிந்த தகட்டைப் பின்னால் ஒருவர் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது தொட்டி. கட்டரை ஏந்தி நிற்கும் அந்த மனிதரைப் பற்றி அன்று அதிகம் பேசப்படவில்லை. இந்தக் கருத்தரங்கு அவரைப் பற்றியது.

நிறைந்த தொட்டியைவிட இறக்கிய தொட்டியே ஆபத்து மிக்கது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதன் காரணத்தை மட்டும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். நிறைந்த தொட்டியில் மேலே மிஞ்சும் சிறிய இடத்தில் ஆவி மிகுந்து, காற்று குறைந்து கிடக்கும். சரக்கை இறக்கும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. கலவை அந்த ஆபத்தான எல்லைக்குள் இறங்குகிறது. ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் அடியில் படிந்து கிடக்கும். மேன்ஹோல் வாயில் வாயு மீட்டரை நீட்டிப் பூஜ்யம் காட்டியது என்று சொல்பவர் தொட்டியின் கழுத்தை மட்டுமே சோதித்திருக்கிறார். மேலே, நடுவே, அடியே, மூலைகளில், வெப்பச் சுருள்களுக்குக் கீழே என்று ஒவ்வொரு இடத்திலும் குழாயை இறக்கிப் பார்த்தால்தான் சோதனை.

மீட்டருக்கும் ஒரு குணம் உண்டு. வினையூக்கி வகை உணரி, ஆவியைத் தனக்குள் எரித்துத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் போதாத இடத்தில் அதனால் எரிக்க முடியாது. ஆவி நிறைய இருந்தும் முள் எழாது. சிலிக்கோன் கலந்த கிரீஸோ ஸ்பிரேயோ பட்டால் உணரி செத்துப்போகும். அப்போதும் பூஜ்யம்தான் காட்டும். ஆகவே முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் ஆவி, அதன் பின் நச்சு வாயு என்ற வரிசையை மாற்றக் கூடாது. கச்சா எண்ணெய்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்து, பிறகு நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று மகிழக் கூடாது. அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகிறது.

அளவுகளைப் பற்றி உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் 306ஆம் எண் தரநிலை இந்தத் துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. மனிதர் நுழைய ஆக்சிஜன் 19.5 முதல் 22 சதவீதம் வரை இருக்க வேண்டும். எரியும் ஆவி, தீப்பிடிக்கும் கீழ் எல்லையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைய வேண்டும். நுழையலாம் என்பதும் நெருப்பு வேலை செய்யலாம் என்பதும் அங்கே இரண்டு தனித் தீர்ப்புகள். நைட்ரஜன் நிரப்பிய தொட்டியின் வெளிச் சுவரில் வெல்டிங் செய்யலாம். உள்ளே தலையை நீட்டியவர் மூச்சு நின்று விழுவார். காற்றோட்டமுள்ள தொட்டிக்குள் ஆள் நடமாடலாம். ஆனால் சுவரில் ஒட்டிய கசடு சுடர் பட்டதும் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டையும் ஒரே ‘கேஸ் ஃப்ரீ’ என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுவது நம் பட்டறைகளில் பரவலான பழக்கம். மிகக் கெட்ட பழக்கம்.

தலைமை ஏற்கும் நான் அவையின் முன் வைக்க விரும்பும் முதன்மையான கருத்து வேறு. ‘நெருப்பு வேலை செய்யலாம்’ என்ற சான்றிதழில் பெயர் எழுதப்படும் தொட்டியைவிட, பெயர் எழுதப்படாத பக்கத்து அறைதான் அதிகம் கொல்கிறது.

பக்கத்து அறை எது? அமெரிக்கக் கப்பல் தள விதிகள் இதற்குத் தரும் விளக்கம் கண்டிப்பானது: எல்லாத் திசைகளிலும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள், மூலையில் தொடுபவையும் குறுக்காகத் தொடுபவையும் உட்பட. பெட்டிகளை அடுக்கிய அடுக்கின் நடுவில் ஒரு பெட்டியை எண்ணிப் பாருங்கள். முகத்தோடு முகம் ஒட்டியவை 6. விளிம்பில் ஒட்டியவை 12. முனையில் மட்டும் தொடுபவை 8. ஆக, 26 அண்டை அறைகள். கப்பலில் ஒரு தொட்டிக்கு 26 அண்டை அறைகளும் இருப்பது அரிது. ஒரு பக்கம் கடல், மேலே வானம். ஆனால் பெர்மிட் எழுதுபவர் வழக்கமாக எண்ணுவது நான்கு சுவர்களை மட்டுமே. மேல்தளத்துக்கு அடியில் ஓடும் குழாய், கீழே இரட்டை அடித்தளத்தில் சமநிலைக்கு நீர் நிரப்பும் பல்லாஸ்ட் தொட்டி, மூலைக்கு அப்பால் இருக்கும் பம்ப் அறை எல்லாம் விட்டுப்போகின்றன. எஃகு வெப்பத்தைக் கடத்தும். தோசைக்கல்லின் பிடி சுடுவதைப் போலத் தகட்டின் மறுபக்கமும் சுடும். அங்கே பூசிய பெயிண்ட் புகையும். துருப்பொருக்குக்குள் ஊறிய எண்ணெய் ஆவியாகும். வெல்டர் இதைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியவர் சான்று தருபவர்.

சிங்கப்பூர் இதற்குக் கொடுத்த விலை 76 உயிர். 1978 அக்டோபர் 12 அன்று ஜூராங் கப்பல் தளத்தில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. மதிய உணவு முடிந்து தொழிலாளர்கள் எஞ்சின் அறைக்கும் கொதிகலன் அறைக்கும் திரும்பிய வேளை. கட்டரின் பொறி, பின்பக்கத்து எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவியைப் பற்றவைத்தது. எரிந்த எண்ணெய் ஆள் நிறைந்த அறைகளுக்குள் பாய்ந்தது. வெடித்தது சரக்குத் தொட்டி அல்ல. கப்பல் தன் சொந்த ஓட்டத்துக்கு வைத்திருந்த எரிபொருள் தொட்டி. கப்பல் ஓட்டும் கனமான எண்ணெய் எளிதில் பற்றாது என்பது பொது நம்பிக்கை. அந்தத் தொட்டியிலோ எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் இதைவிடக் கொடிய தொழில் விபத்து இல்லை. தொட்டியின் மேல் ஒட்டிய பெயரை நம்பாமல் உள்ளே கடைசியாக இருந்தது என்ன என்று விசாரித்துச் சோதிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கொச்சியில் நடந்தது இன்னும் நெருக்கமானது. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் தளத்தின் உலர்துறையில் நின்ற ஓ.என்.ஜி.சி.யின் ‘சாகர் பூஷண்’ துளையிடும் கப்பலில் வெடிப்பு. ஐந்து பேர் இறந்தனர். அங்கே கொன்றது கப்பலின் எண்ணெய் அல்ல. வெட்டும் வேலைக்குக் கொண்டுவந்த அசெட்டிலீன் கசிந்து குளிர்சாதன இயந்திர அறைப் பக்கம் பரவியிருந்ததாகவே விசாரணை சொன்னது. அசெட்டிலீன் 2.5 சதவீதத்திலேயே தீப்பிடிக்கத் தொடங்கும்; மேல் எல்லை பெரும்பாலான எரியும் வாயுக்களுக்கு இல்லாத அளவு உயரம். தொட்டியை எத்தனை முறை கழுவினாலும், வேலைக்காரர் கையோடு கொண்டுபோகும் ஹோஸ் ஒரு புதிய ஆபத்தை உள்ளே விடுகிறது. ஆகவே உணவு இடைவேளையிலும் ஷிஃப்ட் மாறும்போதும் டார்ச்சையும் ஹோஸையும் மூடிய இடத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும்; வால்வை மட்டும் மூடிவிட்டுப் போவது போதாது. நேற்று மாலை எழுதிய சான்று இன்று காலைக்கு ஏன் செல்லாது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பல்லாஸ்ட் நீரை மாற்றினால் செல்லாது. ஒரு வால்வைத் திறந்தால் செல்லாது. எண்ணூரின் மே மாத வெயிலில் தளம் கொதித்தால், காலையில் அடங்கிக் கிடந்த கசடு பகலில் ஆவியைக் கக்கும். அப்போதும் மறுபடி சோதிக்க வேண்டும்.

சுத்தம் செய்வதிலேயே ஆபத்து உண்டு என்பதையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1969 டிசம்பரில் ‘மார்பெஸ்ஸா’, ‘மாக்ட்ரா’, ‘காங் ஹாகோன் 7’ என்ற மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் தொட்டியைக் கழுவும்போதே வெடித்தன. பீய்ச்சிய நீர்த்தாரை உண்டாக்கிய நிலைமின்னூட்டமே காரணமாகக் கருதப்பட்டது. பெரிய எண்ணெய்க் கப்பல்களில் மந்த வாயு நிரப்பும் முறை கட்டாயமானதன் பின்னணியில் இவையும் உண்டு.

சட்டத்தில் குறை என்று சொல்லிவிட முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, எரியும் பொருள் இருந்த தொட்டியிலிருந்து அதையும் ஆவியையும் நீக்கும்வரை வெல்டிங்கோ வெட்டுதலோ கூடாது என்று சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே எழுதிவைத்தது. சூடான உலோகம் ஆறும்வரை அந்தப் பொருளை மீண்டும் உள்ளே விடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதியது. 36ஆம் பிரிவு இன்னும் நுட்பமாகச் சொன்னது: தகுதியுள்ள ஒருவர் தாமே செய்த சோதனையின் அடிப்படையில் எழுத்தில் சான்று தர வேண்டும். அலுவலக மேசையில் உட்கார்ந்து, உதவியாளர் சொன்ன எண்ணை நிரப்பிக் கையெழுத்திடுவது அந்தப் பிரிவின் சொல்லுக்கே மாறானது. பெட்ரோலிய விதிகளும் இதையே வேறு சொற்களில் வற்புறுத்துகின்றன. ஆனால் சட்டம் இருப்பது மட்டும் போதாது. கப்பல் உடைக்கும் தளமான ஆலங்கில் 2012 அக்டோபர் 6 அன்று ‘யூனியன் பிரேவ்’ எண்ணெய்க் கப்பலை உடைக்கும்போது தீப்பிடித்து ஆறு தொழிலாளர்கள் இறந்தபோதும் சட்டங்கள் புத்தகத்தில் இருந்தன.

நம் பக்கத்திலும் அப்படித்தான். 2023இன் இறுதியில் சென்னைத் துறைமுகத்தில் பழுதுக்கு நின்ற எண்ணெய்க் கப்பலில் கேஸ் கட்டிங் வேலையின்போது வெடிப்பு நேர்ந்து ஒரு தொழிலாளி இறந்தார். சில வாரங்களில் டிசம்பர் 27 அன்று தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் வளாகத்தில் பராமரிப்பு வேலையின்போது எத்தனால் தொட்டி வெடித்தது. அங்கேயும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி உயிரிழந்தார்.

கப்பல் தளத்துக்குள் நுழையாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சாலையில் ஓடும் டேங்கர் லாரியும் சக்கரத்தின் மேல் வைத்த எண்ணெய்க் கப்பல்தான். அதன் தொட்டி பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் ஓர் அறையில், டீசல் அடுத்த அறையில். ஓர் அறையில் கசிவு என்று பட்டறைக்கு வருகிறது. அந்த அறையில் மட்டும் தண்ணீர் நிரப்பி வெல்டிங் வைத்தால் அடுத்த அறையின் ஆவி காத்திருக்கிறது. கப்பலுக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நெடுஞ்சாலையோரப் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். கப்பலைச் சோதித்துச் சான்று தர வரும் வேதியியலர் பட்டறைக்கு வருவதில்லை என்பதுதான் வேறுபாடு.

இனி, யார் சான்று தருவது? அமெரிக்காவில் ‘மரைன் கெமிஸ்ட்’ என்பது தனித் தொழில். தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அந்தப் பெயரைவிட அந்த நிலை முக்கியம்: வேலையை முடித்தால் காசு பெறும் ஒப்பந்தக்காரரின் ஆள், வேலையைத் தொடங்கலாம் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. சோதிப்பவரின் கட்டணம் கப்பல் உரிமையாளரிடமிருந்தோ துறைமுகத்திடமிருந்தோ வரட்டும். ‘இன்று முடியாது’ என்று அவர் எழுதிய நாளுக்கும் முழுக் கட்டணம் கிடைக்கட்டும். மறுக்கும் உரிமைக்குக் கூலி இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்திலேயே நிற்கும். உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை இருக்கிறது. வேதியியல் பட்டதாரிகளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. இவர்களை இணைத்து ஒரு முறையான பயிற்சியைத் தொடங்க முடியாது என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்று, மொழி. கும்மிடிப்பூண்டியிலும் காட்டுப்பள்ளியிலும் கட்டரைப் பிடிக்கும் கைகளில் ஒடிசா, பீகார், வங்காளத்துக் கைகள் நிறைய. சான்றிதழோ ஆங்கிலத்தில், சூப்பர்வைசரின் சட்டைப் பையில். எந்த அறையில் நெருப்பு, எந்த அறையில் கூடாது, எத்தனை மணி வரை என்ற மூன்று விவரங்களும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் மேன்ஹோல் வாயிலேயே தொங்க வேண்டும். கூடவே அறைகளின் வரைபடமும். பக்கத்து அறைகள் சிவப்பில். எழுத்தறியாதவருக்கும் சிவப்பு புரியும்.

இந்த அவையிடம் கேட்பது இதுதான். முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பதற்கு முன் வெல்டர்களும் ஹெல்பர்களும் ஃபயர் வாட்ச் நிற்பவர்களும் பேசட்டும். பாதுகாப்பு அதிகாரிகள் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அதைக் கொண்டு, அண்டை அறைகளைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு சான்றிதழ்ப் படிவத்தை நான்கு மொழிகளில் இன்று மாலைக்குள் எழுதி முடியுங்கள். அதைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் இரண்டு துறைமுகங்களுக்கும் சிப்காட்டின் ஒவ்வொரு பட்டறைக்கும் அனுப்புங்கள். கருத்தரங்கு தொடங்குகிறது, முதலில் பேச வரும் தொழிலாளத் தோழர் மேடைக்கு வரலாம்.