உயரமா, திறனா? பெருநகரங்களில் எஃப்.எம். அலைகள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்தப்பட்ட உரை)



அலைகள் பாடம் நடத்தும்போது மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வருவதுண்டு. “சார், மாடியில நல்லா கேக்குற ஸ்டேஷன் கீழ் வீட்டுல ஏன் கரகரன்னு இருக்கு?” உடனே நாவில் வரும் பதில், “பவர் பத்தல” என்பதுதான். ஆனால் அந்த மாணவனின் கேள்வியை மறுபடியும் கவனியுங்கள். மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே நிலையம், ஒரே திறன். அப்படியானால் விடை திறனில் மட்டும் இல்லை. வேறு எங்கே இருக்கிறது என்று தேடுவதே இன்றைய உரையின் நோக்கம். இதற்குப் பத்தாம் வகுப்பு அளவிலான இயற்பியலும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும்.

முதலில் அலையின் குணத்தைப் பார்ப்போம். மத்திய அலை ஒலிபரப்பு தரையைத் தழுவிக்கொண்டு செல்லும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவும் போகும். எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் நடக்கிறது. இந்த அலைகள் அயனி மண்டலத்தைப் பெரும்பாலும் ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். தரையையும் அவ்வளவாகத் தழுவாது. ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்லும். ஆகவே பூமியின் வளைவுதான் இவற்றுக்கு முதல் எல்லை.

அந்த எல்லையைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர். 400 மீட்டர் என்றால் 82 கிலோமீட்டர். அலை அடிவானத்தோடு கத்தரித்தாற்போல் நின்றுவிடாது. அதற்கப்பாலும் சிறிது வளைந்து போகும். ஆனால் வேகமாக வலுவிழக்கும்.

நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு கோடை எஃப்.எம். அகில இந்திய வானொலியின் இந்த நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் ஒலிபரப்பியின் திறன் 10 கிலோவாட். ஆனால் அது நிற்பது கொடைக்கானல் மலைமேல். கீழே உள்ள சமவெளியிலிருந்து சுமார் 1900 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், நம் கணக்குப்படி அடிவானம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். இதே 10 கிலோவாட்டைச் சமவெளியில் 100 மீட்டர் கோபுரத்தில் வைத்தால் இத்தனை மாவட்டங்களில் கேட்காது. இங்கே வேலை செய்வது மலை.

மலை இல்லாத பெருநகரத்தில் என்ன செய்வது? அங்கே உயரமான கட்டடமே மலை. அதிர்வெண் பண்பேற்ற ஒலிபரப்பை உருவாக்கிய எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1934இல் தம் சோதனையை நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்துதான் செய்தார். அப்போது உலகிலேயே உயரமான கட்டடம் அது. சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், லாங் தீவில் இருந்த வீடு ஒன்றில் அந்த ஒலிபரப்பு தெளிவாகக் கேட்டது.

இன்றும் நியூயார்க்கின் பல எஃப்.எம். நிலையங்கள் அதே கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒலிக்கின்றன. அவற்றின் திறனைக் கேட்டால் மாணவர்கள் வியப்பார்கள். அத்தனை பெரிய நகரத்துக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 கிலோவாட்தான். அமெரிக்க விதிப்படி அந்த வகை நிலையத்துக்கு 150 மீட்டர் உயரத்தில் 50 கிலோவாட் வரை அனுமதி உண்டு. உயரம் கூடினால் திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அலை எட்ட வேண்டிய எல்லையைத் தாண்டி, தொலைவில் அதே அதிர்வெண்ணில் ஒலிக்கும் இன்னொரு நிலையத்துக்கு இடையூறாகும்.

50 எப்படி 6 ஆகிறது என்பதை வகுப்பிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். வெட்டவெளியில் அலையின் திறன் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பாடத்தில் சொல்கிறோம். தரைக்கு அருகே நிலைமை இன்னும் கடினம். ஏற்பிக்கு நேராக வரும் அலை ஒன்று. தரையில் பட்டு, கட்டம் தலைகீழாகி வரும் அலை மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதனால் திறன் தூரத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆன்டெனாவை உயர்த்தினால் இரு பாதைகளுக்கும் உள்ள வேறுபாடு கூடும், அழிவு குறையும். உயரத்தை இரு மடங்காக்குவது திறனை நான்கு மடங்காக்குவதற்குச் சமம்.

எம்பயர் ஸ்டேட் உச்சியில் உள்ள ஆன்டெனாக்களின் உயரத்தைச் சுமார் 415 மீட்டர் என்று கொள்வோம். 415ஐ 150ஆல் வகுத்து இருமடி எடுத்தால் ஏறத்தாழ 7.7. ஐம்பதை 7.7ஆல் வகுத்தால் 6.5. நியூயார்க் நிலையங்களின் திறனுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். மெய்யான நகரத்தில் கட்டடங்களும் மேடுபள்ளங்களும் இந்தக் கணக்கை முன்பின்னாக மாற்றும். ஆயினும் திசை சரியானது.

திறனை மட்டும் கூட்டினால் என்ன கிடைக்கும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. நம் நாட்டில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் வரை அனுமதி. ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள். அது 5 முதல் 10 கிலோமீட்டர் வரை எட்டும். 2004இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழக வானொலி இந்த வகையில் நம் நாட்டின் முன்னோடி. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கையில் சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 25 முதல் 50 கிலோவாட் வரை இடம் உண்டு. 100 வாட்டுக்கும் 50 கிலோவாட்டுக்கும் 500 மடங்கு வேறுபாடு. ஆன்டெனா உயரத்தை மாற்றாமல் திறனை மட்டும் 500 மடங்காக்கினால் தூரம் எத்தனை மடங்காகும்? ஐந்நூறின் நான்காம் மூலம். ஐந்து மடங்குகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். நிலையத்தின் திறன் என்று அனுமதிகளில் குறிப்பிடுவது பயனுறு கதிர்வீச்சுத் திறனை. ஒலிபரப்பி தரும் திறனில் கம்பிவடத்தில் இழப்பது போக மீதியை ஆன்டெனா அடிவானத்தை நோக்கிக் குவித்து அனுப்புகிறது. டார்ச் விளக்கின் குழியாடி சிறு பல்பின் ஒளியைக் குவிப்பதைப் போன்றது இது. ஆகவே ஒலிபரப்பியில் எழுதியிருக்கும் கிலோவாட்டும் இந்தத் திறனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சரி, பெருநகர நிலையங்களுக்கு ஏன் இவ்வளவு கூடுதல் திறன் தேவைப்படுகிறது? பரப்பு பெரிது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நகரமே. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஸ்டீரியோ ஒலிபரப்பைச் சரியாகக் கேட்க வேண்டிய குறைந்தபட்ச மின்புலச் செறிவை இடத்துக்கு இடம் வேறாக வகுத்திருக்கிறது. கிராமப்புறத்தில் மீட்டருக்கு 0.5 மில்லிவோல்ட், நகரத்தில் 2, பெருநகரத்தில் 5. புலச்செறிவு பத்து மடங்கு என்றால் திறன் நூறு மடங்கு. அதாவது, கிராமத்தில் ஒரு வாட் செய்யும் வேலைக்குப் பெருநகரத்தில் அதே தூரத்தில் நூறு வாட் வேண்டும்.

இந்த நூறு மடங்கும் எங்கே போகிறது? வண்டிகளும் மின் கருவிகளும் எழுப்பும் இரைச்சலை அலை வெல்ல வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்களை ஊடுருவ வேண்டும். அதோடு உயர்ந்த கட்டடங்களின் பின்னால் நிழல் விழும். கீழ் வீட்டு ரேடியோ கரகரப்பது இந்த நிழலில்தான். மேலே ஏற ஏற அது நிழலை விட்டு வெளியே வருகிறது.

கட்டடங்கள் அலையை மறைப்பதோடு எதிரொளிக்கவும் செய்கின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். நேராக வரும் அலையும் எதிர்ச்சுவரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் கூடி வலுக்கும். முக்கால் மீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். சிக்னலில் நிற்கும் காரில் பாட்டு கரகரத்து, வண்டி ஓரடி இரண்டடி நகர்ந்ததும் தெளிவது இதனால்தான். குறுக்கீட்டு விளைவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

நகரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நிலையத்தின் கோபுரம் நம் தெருவிலும் மற்றொன்று ஊரின் மறுகோடியிலும் இருந்தால், அருகில் உள்ளதன் வலுவில் தொலைவில் உள்ளது அமுங்கிவிடும். ஆகவேதான் ஒரு நகரத்தின் தனியார் நிலையங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டுக் கொள்கையில் இடம்பெற்றது. அப்போது நகரின் எந்த மூலையிலும் எல்லா நிலையங்களின் வலுவும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ஒரு சிறிய ரேடியோ, ஒரு அளவுகோல் நாடா போதும்.

தொடக்கநிலை வகுப்பில், ஒரே நிலையத்தை வைத்துக்கொண்டு சன்னலோரம், அறையின் நடு, இரும்பு பீரோவுக்குப் பின்புறம், மாடி வராந்தா என நான்கு இடங்களில் கேட்கச் சொல்லுங்கள். தெளிவுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குழந்தைகளே போடட்டும்.

நடுநிலை வகுப்பில், உங்கள் ஊரில் கேட்கும் நிலையங்களின் அதிர்வெண்களைப் பட்டியலிட்டு, 300ஐ ஒவ்வோர் எண்ணாலும் வகுத்து அலைநீளத்தை மீட்டரில் காணட்டும். ரேடியோவின் ஆன்டெனாவை 75 சென்டிமீட்டருக்கு நீட்டியும் மடக்கியும் கேட்டால், கால் அலைநீளம் ஏன் முக்கியம் என்பது புரியும். கைப்பேசியில் எஃப்.எம். கேட்க ஏன் இயர்போன் செருகச் சொல்கிறது என்பதற்கும் விடை கிடைக்கும். அந்தக் கம்பிதான் அங்கே ஆன்டெனா.

உயர்நிலை வகுப்பில், தெளிவற்றுக் கேட்கும் நிலையம் ஒன்றை வைத்து, அறைக்குள் ரேடியோவை மெல்ல நகர்த்திக் கரகரக்கும் புள்ளிகளைக் குறித்து, இடையில் உள்ள தூரத்தை அளக்கட்டும். அறையில் பல திசைகளிலிருந்தும் அலை வருவதால் எண் ஒழுங்காக வராமல் போகலாம். ஏன் ஒழுங்காக வரவில்லை என்ற விவாதமே நல்ல அறிவியல் பாடம்.

நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அதே சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நாளில் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ வேலை செய்யும். ஆனால் அதை எங்கே வைப்பது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சன்னலோரம் வைக்க வேண்டும். முடிந்தால் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆன்டெனாவை முழுவதும் நீட்ட வேண்டும். கரகரத்தால் ஓரடி நகர்த்த வேண்டும். ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்ற வேண்டும். மோனோவுக்குக் குறைந்த அலைவலுவே போதும்.

இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள காரணத்தை நம் மாணவர்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் மறக்க மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் கோபுரத்தின் திறனைக் கூட்ட அவர்களால் இயலாது. கையில் இருக்கும் ரேடியோவைச் சரியான இடத்தில் வைக்க இயலும். வரும் பருவமழைக்கு முன் உங்கள் பள்ளியில் ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்குங்கள்.